பித்தப்பை போன பிறகு பித்தநீர் எங்கே போகிறது?

பித்தப்பை அறுவை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கி வருகிறார்கள். கூடவே ஆளுக்கொரு யோசனையும் கொண்டு வருகிறார்கள். "இனி எண்ணெய்ப் பக்கமே போகாதே" என்பார் ஒருவர். "பித்தம் ஊறுவதே நின்றுவிடும், உடம்பு இளைத்துக்கொண்டே போகும்" என்பார் இன்னொருவர். "பையையே எடுத்தாயிற்று, இனி வயிற்றுக்கு ஒன்றும் வராது" என்பார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. ஆனால் இவற்றை நம்பித்தான் பலர் மாதக்கணக்கில் சாப்பாட்டைச் சுருக்கிக்கொள்கிறார்கள். வயிற்றுப்போக்கை வெளியே சொல்லக் கூசி மறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பலருக்கு அறுவை நடக்கும் ஊர் ஒன்று, குணமாகும் ஊர் வேறொன்று. சேலத்திலோ பெங்களூரிலோ லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவை) முடித்து, இரண்டொரு நாளில் டிஸ்சார்ஜ் ஆகி, பென்னாகரத்துக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ வந்துவிடுகிறார்கள். கையில் உள்ள சீட்டில் உணவு பற்றி ஒரே ஒரு வரி இருக்கும்: கொழுப்பைக் குறைக்கவும். எவ்வளவு, எத்தனை நாளைக்கு, ஏன் என்பதெல்லாம் அதில் இருக்காது. ஒரு மாதம் கழித்து வயிறு கலங்கினால் கேட்பதற்குப் பக்கத்தில் இருப்பது உறவினரும் மருந்துக்கடையும்தான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

## சுரப்பது ஒன்று, சேமிப்பது ஒன்று

பித்தநீர் என்பது கொழுப்பைச் செரிக்க உதவும் பச்சை கலந்த மஞ்சள் நிறத் திரவம். அதைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை ஒரு சொட்டுக்கூடச் சுரப்பதில்லை. கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரை இரவு பகல் பாராமல் ஊறவிடுகிறது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பை 30 முதல் 50 மில்லி வரை கொள்ளும் சின்னப் பை.

நம் பக்கத்தில் போர்வெல் வைத்து வெள்ளாமை செய்கிறவருக்கு இது எளிதில் விளங்கும். எவ்வளவு ஆழம் போட்டாலும் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர் வருகிறது. அதை அப்படியே வயலுக்குத் திருப்பினால் பாத்தி நிறையாது. எனவே தொட்டி கட்டி, நாளெல்லாம் அதில் தேக்கி, பயிருக்கு வேண்டிய நேரத்தில் திறந்து ஒரே வீச்சில் பாய்ச்சுகிறார்கள். கல்லீரல்தான் போர்வெல், பித்தப்பை அந்தத் தொட்டி. தொட்டியை இடித்துவிட்டால் போரில் ஊறும் தண்ணீர் குறைந்துவிடாது. தேக்கிவைத்துத் திறக்கும் வசதிதான் போய்விடும்.

ஒரே ஓர் இடத்தில் இந்த ஒப்புமை போதாது. தொட்டி தண்ணீரை வந்தபடியே வைத்திருக்கும். பித்தப்பையோ உள்ளே வந்த பித்தநீரிலிருந்து தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைப் பல மடங்கு கெட்டியாக்கி வைக்கிறது. அளவில் சிறிய பையாக இருந்தும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு அது போதுமானதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கொழுப்புள்ள உணவு இரைப்பையைக் கடந்து சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு வந்ததும், குடல் சுவர் கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. ஹார்மோன் என்றால் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் வேதிச் செய்தி. அந்தச் செய்தி கிடைத்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் பீய்ச்சுகிறது. பித்தநீரில் உள்ள பித்த அமிலங்கள் கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைக்கின்றன. கணையத்திலிருந்து வரும் நொதிகள் அந்தத் துளிகளைச் செரிக்கின்றன.

சுருக்கமாக: பித்தநீர் இன்னும் ஊறுகிறது, இன்னும் குடலுக்கு வருகிறது, கொழுப்பு இன்னும் செரிக்கிறது. மாறியது நேரமும் கெட்டித்தன்மையும்தான்.

பை இல்லாமல் வாழ முடியுமா என்ற அச்சத்துக்கு மருத்துவ வரலாற்றில் நீண்ட பதில் இருக்கிறது. 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற அறுவை மருத்துவர் முதன்முறையாகப் பித்தப்பையை அகற்றினார். 1985-இல் ஜெர்மனியிலேயே எரிக் மியூஹே அதை லேப்ராஸ்கோபி முறையில் செய்தார். இன்று உலகில் மிக அதிகமாக நடக்கும் வயிற்று அறுவைகளில் இதுவும் ஒன்று. குதிரைக்கும் புறாவுக்கும் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது.

## கல்லை மட்டும் எடுத்திருக்கக் கூடாதா?

அறுவை முடிந்ததும் எடுத்த கற்களைச் சிறு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உறவினரிடம் காட்டுவார்கள். மிளகு போலவும் கருப்புக் கடுகு போலவும் உருண்டு கிடக்கும் அவற்றைப் பார்த்தவுடன், தர்மபுரிக்காரர் முதலில் குறை சொல்வது தண்ணீரைத்தான். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை; அதனால் பல்லும் எலும்பும் கெட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் பித்தப்பைக் கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தக் கல் பித்தநீரில் உள்ள கொலஸ்ட்ராலாலோ, பழைய சிவப்பணுக்கள் உடைவதால் வரும் நிறமியாலோ உருவாவது. வாழைத்தண்டுச் சாறு இதைக் கரைக்காது. சிறுநீரகக் கல்லும் இதுவும் வேறு வேறு உறுப்பில், வேறு வேறு பொருளால் உருவாகின்றன.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால், அதே பையில் மீண்டும் கல் சேரும் வாய்ப்பு அதிகம். பையை எடுத்தது மருத்துவரின் அவசரமல்ல. அதுவே சரியான சிகிச்சை.

## பேதி எங்கிருந்து வருகிறது

பெரும்பாலோருக்கு அறுவைக்குப் பிறகு சில வாரங்களில் வயிறு தானாகப் பழகிவிடுகிறது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மட்டும் தளர்ந்த மலம் நீடிக்கிறது. அவர்களுக்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

குடலுக்கு வந்த பித்த அமிலத்தை உடம்பு வீணாக்குவதில்லை. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதில் சுமார் 95 விழுக்காட்டைத் திரும்ப உறிஞ்சி, ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே அனுப்புகிறது. கல்லீரல் அதையே மறுபடியும் பித்தநீரில் சேர்க்கிறது. இந்தச் சுற்று ஒரு நாளில் பல தடவை நடக்கிறது.

பை இருந்தவரை, சாப்பிடாத நேரத்தில் பித்த அமிலத்தின் பெரும்பகுதி பைக்குள் ஓய்வெடுத்தது. இப்போது ஓய்வில்லை. இரவு தூங்கும்போதும் பித்தநீர் குடலில் சொட்டிக்கொண்டே இருக்கிறது, சுற்று வேகமாகிறது. சிறுகுடல் உறிஞ்சித் தீர்க்காத மிச்சம், நீர் கடைமடைக்கு ஓடுவதுபோல, பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. பெருங்குடலின் வேலை மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்குவது. பித்த அமிலம் பட்டால் அது நேர்மாறாக வேலை செய்கிறது: தண்ணீரை உள்ளே கசியவிடுகிறது, வேகமாக அசைந்து எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது. இதுதான் பித்த அமிலப் பேதி. அவசரமாக, நீராக, சில நேரம் மஞ்சளாகவும் எரிச்சலோடும் போகும். காலையிலும், சாப்பிட்டு எழுந்தவுடனும் அதிகம் வரும்.

பாலக்கோட்டில் இருக்கும் என் அத்தைக்கு நடந்தது இதுதான். அறுவைக்குப் பிறகு அவர் எங்கே கிளம்பினாலும் தோளில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அதில் மாற்றுப் புடவை, பாவாடை, ஒரு சோப்புத் துண்டு, பேதி மாத்திரை அட்டை. பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தால்தான் உட்காருவார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காராமல், "வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தேன் அம்மா" என்று சொல்லிவிடுவார். உண்மையில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். இரவு வீடு திரும்பிய பிறகு, நாள் முழுதும் பட்டினி கிடந்த பசியில், நிலக்கடலைச் சட்னியோடு தோசை தோசையாகச் சாப்பிடுவார். மறுநாள் விடிவதற்குள் அதற்கான விலையைக் கொடுப்பார்.

பட்டினி கிடந்தால் பேதி வராது என்பது அவருடைய கணக்கு. பித்தநீருக்கு அந்தக் கணக்கு தெரியாது. வயிறு காலியாக இருந்தாலும் அது சொட்டிக்கொண்டுதான் இருக்கும். பகலெல்லாம் ஒன்றுமில்லாத குடலில் ஓடிய பிறகு, இரவில் ஒரே வேளையில் மொத்தக் கொழுப்பும் வந்து இறங்கினால் அதைச் சமாளிக்கத் தேக்கிவைத்த பித்தநீர் இருக்காது. செரிக்காத கொழுப்பும் சேர்ந்து பேதியைக் கூட்டும்.

சுருக்கமாக: பேதிக்குக் காரணம் பித்தநீர் குறைந்துபோனது அல்ல. வேண்டாத நேரத்தில், வேண்டாத இடத்துக்கு அது அதிகமாகப் போவதே காரணம்.

## எல்லாப் பழியும் பித்தப்பைக்கா?

அறுவைக்குப் பிறகு வரும் வயிற்றுத் தொந்தரவுகள் அத்தனையையும் சேர்த்து மருத்துவர்கள் ஒரு பொதுப்பெயரில் அழைப்பதுண்டு: பித்தப்பை நீக்கத்துக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு. அது ஒரு நோயின் பெயரன்று; காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும் என்று பொருள். இதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் பெயரைக் கேட்டதோடு தேடலை நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மெட்ஃபார்மின் மாத்திரையை. தளர்ந்த மலம் அதன் மிகப் பரவலான பக்கவிளைவு. வீடு தேடி மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. இன்று நம் கிராமங்களில் மெட்ஃபார்மின் இல்லாத தெரு அரிது. அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்தோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றியோ தருவார்.

பால் இன்னொன்று. வளர்ந்தவர்கள் பலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிப்பதில்லை. ஒரு வாரம் பாலையும் பால் காப்பியையும் விட்டுவிட்டு மோர் மட்டும் குடித்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

நெஞ்செரிச்சலும் மேல்வயிற்று எரிச்சலும் இருந்தால், அவை அறுவைக்கு முன்பே இருந்தனவா என்று நினைத்துப் பாருங்கள். இரைப்பைப் புண்ணும், இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறும் அமிலப் பின்னோக்கமும் பித்தப்பைக் கல்லோடு சேர்ந்தே இருந்திருக்கலாம். பையை எடுத்ததால் அவை போகாது. சிலருக்குப் பித்தநீரே இரைப்பைக்குள் ஏறிக் கசப்பான எரிச்சலைத் தரும். காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டபிரசோல் போன்ற மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், பித்தநீரைக் குறைக்காது. கடையில் தாமாகவே வாங்கி வருடக்கணக்கில் அதை விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒருமுறை எண்டோஸ்கோபி செய்து காரணத்தைக் கண்டுபிடித்திருக்கலாம்.

வலி மட்டும் தனி. பழைய இடத்திலேயே, வலது விலாவுக்குக் கீழே, பழையபடியே வலி வந்தால் பித்தநாளத்தில் கல் இருக்கலாம். பித்தநாளம் என்பது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுவரும் குழாய். பையை எடுத்தாலும் அந்தக் குழாய் இருக்கிறது. அறுவையின்போதே அதில் ஒரு கல் தங்கியிருக்கலாம், பிறகும் உருவாகலாம். "பித்தப்பையே இல்லையே, கல் எப்படி வரும்?" என்று கேட்டு வலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

## களி, கடலை, பிரியாணி

எண்ணெயை அறவே விலக்குவது தேவையில்லை, நல்லதும் அல்ல. ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். முதல் சில வாரங்களுக்குக் கொழுப்பைக் குறைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வரலாம். முக்கியமானது மொத்த அளவைவிட, ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதுதான். தேக்கிவைக்கும் பை இல்லாததால், சொட்டுச் சொட்டாக வரும் பித்தநீர் சமாளிக்கும் அளவில் கொழுப்பையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கான எண்ணெயை நான்கைந்து சிறு வேளைகளில் பரப்பினால் வயிறு பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதே அளவை ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணியாகவும் சுக்காவாகவும் ஒரே உட்காரலில் இறக்கினால் ஏற்றுக்கொள்ளாது.

இந்த விஷயத்தில் நம் ஊர்ச் சமையல் நமக்குத் துணை. கேழ்வரகுக் களியில் கொழுப்பு மிகக் குறைவு. கீரைக் கடைசலும் ரசமும் அப்படியே. களி வயிற்றுக்குக் கடினம் என்று அறுவை ஆனவர்களுக்குத் தராமல் விடுகிறார்கள். முதல் சில நாட்கள் போகட்டும், பிறகு கூழாகக் கரைத்தோ சின்ன உருண்டையாகவோ கொடுக்கலாம். கவனம் வேண்டியது நிலக்கடலையில். எடையில் ஏறக்குறைய பாதி அதில் கொழுப்பு. கடலை எண்ணெயைக் குறைத்துவிட்டோம் என்ற நிம்மதியில், வேகவைத்த கடலையைக் கொறித்துக்கொண்டே இருப்பவர்களும், மூன்று வேளையும் கடலைச் சட்னி தொட்டுக்கொள்கிறவர்களும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒகேனக்கல்லில் பொரித்த மீனுக்கு ஆசைப்பட்டால் ஒரு துண்டு போதும். குழம்பில் போட்ட மீன் இன்னும் நல்லது.

மொச்சையும் கொள்ளும் அவரைக்கொட்டையும் வாயுவை உண்டாக்கினால் அது பித்தப்பையால் வந்ததன்று. அவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குடல் கிருமிகள் நொதிக்கவைப்பதே காரணம். ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் குறையும்.

நீரில் கரைந்து கொழகொழப்பாகும் நார்ச்சத்து பேதிக்கு உதவும், அது பித்த அமிலத்தையும் ஓரளவு பிடித்துவைக்கிறது. வாழைப்பழம், ஊறவைத்த வெந்தயம், ஓட்ஸ், மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல் எல்லாம் இந்த வகை. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், சிறிதளவில் தொடங்குங்கள். காப்பியும் அதிகக் காரமும் குடலை முடுக்கிவிடும் என்பதால், பேதி அடங்கும்வரை குறைப்பது நல்லது. மாம்பழப் பருவத்தில் எல்லோரும் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: மாம்பழத்தில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம், தாராளமாகச் சாப்பிடலாம். பேதி இருக்கிற நாட்களில் மட்டும் ஓரிரு கீற்றோடு நிறுத்துங்கள், அதன் சர்க்கரை பேதியைக் கூட்டும்.

## பேதிக்கு மருந்து உண்டு

பலருக்கு இது தெரிவதில்லை. பித்த அமிலப் பேதிக்கென்றே கொலஸ்டிரமின் என்ற மருந்து இருக்கிறது. தூளாக வரும், நீரில் கலந்து குடிக்க வேண்டும். அது ரத்தத்தில் கலப்பதில்லை. குடலிலேயே தங்கி, பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். பித்த அமிலப் பேதியை உறுதிசெய்யும் தனிப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காததால், இந்தத் தூளைக் கொடுத்துப் பார்த்துக் குணம் தெரிகிறதா என்று வைத்தே மருத்துவர்கள் முடிவுக்கு வருவதுண்டு. என் அத்தைக்கு அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது அவர் பந்தியில் உட்காருகிறார்.

அதைக் குடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தூள் பித்த அமிலத்தை மட்டுமின்றி, கூடவே விழுங்கிய மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இதில் குறிப்பாக ஏமாந்துபோகிறார்கள். மற்ற மருந்துகளைத் தூளுக்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். மலச்சிக்கல் வந்தால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். நீண்ட நாள் எடுத்தால் மேலே சொன்ன வைட்டமின்கள் குறையலாம், அதையும் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

கடையில் கிடைக்கும் லோப்பரமைடு குடலின் வேகத்தைக் குறைக்கும். பயண நாளுக்கு அது உதவலாம். காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் அதைத் தொடவே கூடாது.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு வாரம் நோட்டில் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்துவிடும்: எந்த நேரத்தில், எத்தனை முறை, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், வலி உண்டா, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள். மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். பெண்கள் இதைச் சொல்லாமலே விட்டுவிடுவது அதிகம். வீட்டில் உள்ளவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## நாள் கடத்தக் கூடாதவை

இரவுத் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகிய மூன்றும் பித்த அமிலக் கதையோடு முடித்துவிடக் கூடியவை அல்ல. குடலை உடனே பரிசோதிக்க வேண்டும்.

கண் மஞ்சளிப்பது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, மலம் வெளுத்துப்போவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மேல்வயிற்றில் விடாத வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் இருக்கச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். பித்தப்பை எடுத்தவருக்குக் கண் மஞ்சளித்தால் அது பித்தநாளத்தில் கல் அடைத்ததாக இருக்கலாம். அடைபட்ட குழாயில் கிருமி தொற்றினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். எந்த இலைச்சாறும் அந்தக் கல்லை நகர்த்தாது. இ.ஆர்.சி.பி. என்ற முறையில் வாய் வழியாகக் குழாயைச் செலுத்தி, வயிற்றைக் கிழிக்காமலே அதை எடுத்துவிட முடியும். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, பித்தப்பை எடுத்தவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.